ஐந்து வெள்ளைப் பியோனிகள்

வெம்பிளியில் எங்கள் மூத்தோர் ஒன்றுகூடல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடக்கும். இந்த வருடம் ஒரு சிறப்பு மலர் அச்சடித்துப் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும் தாங்கள் செய்த தொழிலைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்றார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தோட்டக்காரன், எனக்கு என்ன எழுத இருக்கிறது என்று கேட்டேன். மலருக்குப் பொறுப்பான தம்பி விடவில்லை.

"டொக்டர் ஐயா முழுக்க நோய் வருத்தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். நீங்களாவது பூவைப் பற்றிச் சந்தோசமா எழுதுங்கோ அண்ணை" என்றார்.

சந்தோசமாக எழுதத்தான் நினைத்தேன். கொப்பியை விரித்து உட்கார்ந்தால் ஹெலன்தான் நினைவில் வந்து நிற்கிறார். அதனால் அவரைப் பற்றியும், அவர் என்னிடம் ஒப்படைத்த ஒரு செடியைப் பற்றியும் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு பாண் சுடுகிற இடத்தில் வேலை. முதுகு பிடித்துக்கொண்டு அதை விட்டபோது, ஹைகேட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தோட்ட வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பழைய பெரிய வீடு, பின்னால் இரண்டு ஏக்கருக்குக் கிட்டத் தோட்டம். அங்கே தலைமைத் தோட்டக்காரி ஹெலன். அவருக்குக் கீழே நான் ஒருவன்தான். பத்தொன்பது வருடம் அப்படியே போனது.

ஹெலன் என்னிலும் எட்டு வயது மூத்தவர், உயரமான பெண். அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சமையலறை முள்ளுக்கரண்டி இருக்கும், களை கிளறுவதற்கு. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழ்ந்து போகும். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது காதில் விழுந்த மாதிரியே இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் அவருக்கு "நீங்கள்". அவர் எனக்குச் சொன்ன "யூ" என்ற சொல் என் காதுக்கு எப்போதும் "நீர்" என்றுதான் கேட்டது. மரியாதையும் உரிமையும் அளவாய்க் கலந்த ஒரு "நீர்".

அந்தத் தோட்டத்தின் பெருமை பியோனிப் பாத்திதான். நாற்பதுக்கு மேற்பட்ட செடிகள். பியோனி என்பது மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற செடி. குளிர்காலத்தில் மேலே ஒன்றும் இருக்காது, செத்துப் போய்விட்டது என்று நினைப்போம். மார்ச் மாதத்தில் சிவப்பு விரல்கள் போலக் குருத்துகள் மண்ணைப் பிளந்து வரும். மே கடைசியிலும் ஜூனிலும் பூக்கும். ஒரு பூவை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், அவ்வளவு பெரியது. மூன்று கிழமைதான். பிறகு அடுத்த ஜூன் வரைக்கும் இலை மட்டும்.

வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே நான் ஒரு பிழை விட்டேன். குளிரில் கிழங்கு விறைத்துவிடும் என்று இரக்கப்பட்டு, வாழைக்கு மண் அணைக்கிற மாதிரி ஒவ்வொரு செடிக்கும் எருவைக் குவித்து அணைத்துவிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஜூனில் பாதிப் பாத்தி பூக்கவேயில்லை. இலை மட்டும் செழித்து நின்றது.

ஹெலன் ஏசவில்லை. செப்டெம்பரில் என்னைக் கூப்பிட்டு, ஈர மண்ணில் பக்கத்தில் முழங்காலில் இருந்து, முள்ளுக்கரண்டியால் எருவை மெல்ல மெல்ல விலக்கிக் காட்டினார். கிழங்கின் தலையில் சேவலின் கொண்டை நிறத்தில் சின்னச் சின்ன முளைக்கண்கள். அதன்மேல் சுட்டுவிரலை வைத்தார். நகத்திலிருந்து இரண்டாவது மடிப்பு வரை.

"இவ்வளவுதான் மண் இருக்கலாம். இதுக்கு மேல போனால் அது பூக்காது. அதுக்குக் குளிர் வேணும், சிவா. நாங்கள் போர்த்திவிடக் கூடாது."

பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"தெரியாட்டிக் கேளும். கேக்க ஒரு நிமிஷம் போகும். பியோனிக்கு மூண்டு வருஷம் போகும்."

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் ஒழுங்காகப் படித்தேன். ஏப்ரலில் செடி முழங்கால் உயரம் வரும் முன்பே கம்பி வளையம் போட்டுத் தாங்க வேண்டும். பிந்தினால் மழைக்குப் பூவின் பாரம் தாங்காமல் படுத்துவிடும். மொட்டில் எறும்பு ஊரும். இல்லத்து முதியவர்கள் மருந்து அடிக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். ஹெலன் அடிக்க விட மாட்டார், எறும்பால் அதற்கு ஒரு கெடுதியும் இல்லை என்பார். அறைகளுக்குப் பூ வெட்டும்போது, மொட்டை விரலால் அமத்திப் பார்த்து, மெத்தை போல் அமுங்கினால்தான் வெட்ட வேண்டும். ஒக்டோபரில் தண்டுகளை நிலத்தோடு வெட்டி, ஒரு இலை விடாமல் பொறுக்கி, பையில் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். அழுகல் நோய் அந்த இலையில்தான் மாரிக் குளிரைக் கழிக்கும்.

ஒரு விசயம் மட்டும் நான் படிக்கவில்லை. பியோனிப் பூவை நான் மணந்து பார்த்ததே இல்லை.

சாமிக்கு வைக்கிற பூவை மணக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கிய பழக்கம். மணந்தால் அது எச்சில் பூ மாதிரி, சாமிக்கு ஆகாது. ஹெலன் வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஐந்தாறு பூ ஒதுக்கித் தருவார். வேலை முடிந்து பஸ் பிடித்து ஆர்ச்வேயில் இறங்கி, மேடேறி முருகனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதல் தரம் கொண்டுபோனபோது ஐயர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன, தாமரையோ?"

"இல்லை ஐயா, தாமரையிட வெள்ளைக்காரச் சொந்தம்" என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஜூன் மாதத்தில் எதிர்பார்ப்பார்.

எந்தப் பூ கோயிலுக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒன்றையும் மணப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதை ஹெலனுக்கு விளங்கப்படுத்த அப்போது எனக்கு ஆங்கிலம் போதவில்லை. போதிய ஆங்கிலம் வந்தபோது வெட்கம் வந்துவிட்டது. எப்படி என்றால், ஒவ்வொரு ஜூனிலும் ஒருநாள் ஹெலன் ஒரு வெள்ளைப் பூவை வெட்டி, தானே முதலில் முகத்தை அதற்குள் புதைத்து மணந்துவிட்டு, நான் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டு வருவார். "இந்த வருஷமும் வந்திட்டாள். பாரும்" என்று மூக்கருகில் நீட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். "வெரி நைஸ்" என்பேன். அவர் மணந்த பூ எப்படியும் சாமிக்கு ஆகாது, அதையாவது மணந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. பத்தொன்பது ஜூன், பத்தொன்பது தலையாட்டல்.

அந்தப் பூவின் கதையை ஹெலன் ஒரு தடவைதான் சொன்னார். அவருக்கு ஒரே மகள், ஏமி. பத்தொன்பது வயதில் வருத்தம் வந்து போய்விட்டாள். அவள் சின்ன வயதில் தானே தெரிந்தெடுத்து வீட்டில் நட்ட பியோனி அது. ஹெலன் வீட்டை விற்றுத் தோட்டமில்லாத பிளட் வீட்டுக்குப் போனபோது, கிழங்கைக் கிளப்பி வந்து இந்தப் பாத்தியில், வேலியோரத்து வெள்ளை வரிசையில் வைத்தார். அந்த வரிசையில் மொத்தம் ஐந்து செடி. மற்றச் செடிகளுக்கெல்லாம் பெயர் எழுதித் தகடு குத்தியிருப்போம். அந்த வரிசைக்கு இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பேர் எழுதிக் குத்தினால் அது கல்லறை மாதிரி இருக்கும்" என்றார். "எனக்குத் தேவையில்லை. அந்த வரிசையில அது மட்டுந்தான் மணக்கும்."

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த லண்டன் கதைதான். இல்லத்தை மூடினார்கள், தோட்டத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. அதே வருடம் ஹெலனுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஒக்டோபரில் அவர் ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். திங்கட்கிழமை மண் கிளறுகிற மெசின் வருகிறது என்று எனக்குச் சொன்ன நாள் வியாழன். மனேச்சர், விரும்பியதைத் தோண்டிக்கொண்டு போ என்றார். ஹெலனுக்குப் போன் எடுத்தேன். குரல் நூல் மாதிரி இருந்தது.

"ஏமியின்ர செடியைக் கிளப்பிப்போடும், சிவா. வேற ஒண்டும் வேண்டாம். என்ர பிளட்டுக்குப் பின்னால இப்ப ஒரு சின்னப் பாத்தி கிடக்கு, அதில வையும். உமக்கு அது எதெண்டு தெரியுந்தானே?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. நான் "ஓம், தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். சுகமில்லாத மனுசியைக் கலங்க வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. தெரியாது என்றால், பத்தொன்பது வருடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்துவிடும். அதுதான்.

ஒக்டோபரில் பூ இல்லை. ஐந்து செடியும் பழுத்த இலையோடு ஒரே மாதிரி நின்றன. தண்டில், இலையில் ஏதாவது வித்தியாசம் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. ஹெலன் அந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்பார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நடுவில் என்று ஒரு நேரம் தோன்றியது, வேலி மூலையில் என்று இன்னொரு நேரம்.

வெள்ளிக்கிழமை காலை தலை தோய்ந்துவிட்டு, சாமித்தட்டுக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை எழுதி, மடித்து, குலுக்கி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, மனைவி பரமேஸ்வரியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். என்ன விசயம் என்று கேட்டாள். சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, தெரியாட்டித் தெரியாதெண்டு அந்த மனுசியிட்டச் சொல்லுங்கோவன். முருகனைப் போய் ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?"

"நீ எடு."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நான்கு.

நான்காவது செடியைத் தோண்டினேன். ஹெலன் காட்டித் தந்தபடிதான், ஒன்றும் குறை வைக்கவில்லை. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினேன். ஒரு முழம் தள்ளி, சுற்றிவர முள்ளு மண்வெட்டியை இறக்கி, நாலு பக்கமும் மெல்ல நெம்பினேன். மரவள்ளிக் கிழங்கு மாதிரி முறிந்துவிடும், அவசரப்படக் கூடாது. வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கழுவியதும் முளைக்கண்கள் தெரிந்தன. ஒரு செடியை முழுதாக ஒரே இடத்தில் வைக்காதே, ஒரு துண்டு வேறு இடத்தில் இருக்கட்டும், போனால் போனதுதான் என்பது ஹெலனின் பாடம். பாண் வெட்டுகிற பழைய கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். ஒவ்வொன்றிலும் ஐந்து கண். ஒன்றை ஹெலனின் பாத்திக்கு, மற்றதை ஹரோவில் என் வீட்டுப் பின்வளவுக்கு என்று நனைத்த சாக்கில் சுற்றினேன்.

மற்ற நாலு செடியும் பக்கத்தில் நின்றன. முழு வெள்ளிக்கிழமையும் இருந்தது, சனி ஞாயிறும் இருந்தது. காரும் நின்றது. ஐந்தையும் கிளப்பி என் வளவில் வைத்திருந்தால், இரண்டு வருடத்தில் ஒன்று மணந்தே இருக்கும். அந்த எண்ணம் எனக்கு வராமலில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்தாவது செடிக்கு அருகில் போயும் நின்றேன். முருகன் காட்டித் தந்த பிறகு மற்றதைத் தோண்டுவது அவரை நம்பாத மாதிரி என்று நினைத்தேன். மண்வெட்டியைக் கழுவிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹெலனின் பாத்தியில் நட்டபோது, குழிக்குக் குறுக்கே தடி வைத்து, விரலால் அளந்தேன். இரண்டாவது மடிப்பு வரை.

கிளப்பி வைத்த பியோனி முதல் வருடம் பூக்காது. அது இருவருக்கும் தெரியும். ஹெலன் வீடு திரும்பி, கொஞ்சம் தேறி, மார்ச்சில் சிவப்புக் குருத்து வந்ததும் போனில் சொன்னார். அடுத்த வருடம் ஒரே ஒரு மொட்டு வந்தது. அதற்குள் வருத்தமும் திரும்பி வந்துவிட்டது. பலமான மருந்து ஏற்றினார்கள். மொட்டு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்துச் சொல்வார். வருத்தத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். ஜூனில் ஒரு ஞாயிறு காலை, "விரிஞ்சிட்டுது, வாரும்" என்றார்.

போனேன். பாத்திக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். தலையில் தொப்பி. பாதி ஆளாகப் போயிருந்தார். பூ மட்டும் சோற்றுக்கோப்பை அளவில், தூய வெள்ளையாய் நின்றது. ஹெலன் குனிந்து அதற்குள் முகத்தை வைத்தார். நீண்ட நேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை, சிவா. மருந்து மூக்கைக் கொண்டுபோட்டுது. சாப்பாடும் தகரம் மாதிரித்தான். நீர் மணந்து சொல்லும். அவள் இருக்கிறாளோ?"

நான் முழங்காலில் இருந்தேன். மூச்சைப் பிடிக்கவில்லை. அந்தப் பூவுக்குள் மூக்கை வைத்து இழுத்தேன். வாழ்நாளில் முதல் தரம். எறும்பொன்று மூக்கில் ஏறியது. மழைத்தண்ணீர் மணத்தது, பச்சை இலை மணத்தது. இதைத்தான் மணம் என்கிறார்களோ? அதுவும் எனக்குத் தெரியாதே. திரும்ப மணந்தேன். "ஓம், இருக்கு" என்று சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரிய வழியில்லை. ஒருமுறை அப்படிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன். இரண்டாம் முறை நாக்கு எழவில்லை.

"அந்த மணம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

ஹெலன் என்னைப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமே. ஒவ்வொரு வருஷமும் மணந்தனீர்."

அந்த முழங்காலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாமிப் பூவை மணக்காத பழக்கம், மூச்சைப் பிடித்தது, திருவுளச்சீட்டு, நாலாம் இலக்கம். ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. துண்டு துண்டாகத்தான் வந்தது. முடிந்த பிறகு ஹெலன் ஒன்று மட்டும் கேட்டார்.

"மற்ற நாலும்?"

"மெசினோட போயிட்டுது."

பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து மூடினார்கள். ஹெலன் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் தாழ்ந்து, தாழ்ந்து வந்தது.

"நீர் ஒருக்காக் கேட்டிருக்கலாம், சிவா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹெலன் செடியின் அடி மண்ணைப் பார்த்து, "இது என்ன செய்யும், பாவம். காய்ஞ்சு கிடக்கு. தண்ணி ஊத்தும்" என்றார். எழுந்து போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அடியில் மெதுவாக ஊற்றினேன். தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வளையத்தைச் சரி செய்தேன். வெளிக்கிடும்போது கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

"எலுமிச்சந்தோலை நகத்தால கீறினால் வருமே, அது. பிறகு, கடைசியில, கொஞ்சம் தேன்."

அந்தக் கோடை முழுக்க ஞாயிறுகளில் போனேன். தண்ணீர் ஊற்றினேன், ஒக்டோபரில் தண்டு வெட்டினேன். அவர் அதைப் பற்றித் திரும்ப ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தருவார், குடிப்பேன். மாரி முடியும் முன்பு போய்விட்டார்.

கோயிலில் இதை முருகனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவரில் ஒரு பிழையும் இல்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் நான் அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு போன் தூரத்தில் ஹெலன் இருந்தார்.

ஹரோவில் என் வளவில் வைத்த துண்டு அவர் இறந்த வருட ஜூனில்தான் முதலில் பூத்தது. இப்போது நன்றாகப் புதர் கட்டிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் முதல் பூ விரிந்த காலை, குளித்துவிட்டுப் போய் முழங்காலில் இருந்து அதை மணக்கிறேன். எலுமிச்சந்தோல் வருகிறதா, தேன் வருகிறதா என்று பார்க்கிறேன். நாலாம் இலக்கம் சரியாகவும் இருந்திருக்கலாம், ஹெலனின் பாத்தியில் முதல் பூ என்பதால் மணம் பிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு ஆசை. முட்டாள் ஆசைதான்.

இந்த வருடமும் பார்த்தேன். பரமேஸ்வரி குசினி ஜன்னலால் எட்டிக் கேட்டாள்.

"என்னப்பா, இந்த முறை மணக்குதோ?"

"இல்லை."

"சரி, எழும்பி வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."

மணந்த பூவைச் செடியிலேயே விட்டேன். கோயிலுக்கு, மெத்தை போல் அமுங்கிய மற்ற மூன்று மொட்டையும் வெட்டினேன்.